மென்பாலியல் திரைப்படங்களில் மெய்ப்பாட்டின் இன்மை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

காமத்தையே விற்பனைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களில் காமம் காணப்படவில்லை என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் குறையாகும். ஆடை குறைகின்றது, அணைப்பு நீள்கின்றது, ஆயினும் இருவரிடையே வேட்கை இருப்பதாகத் தோன்றுவதில்லை. திரையுலகினர் ‘கெமிஸ்ட்ரி’ என வழங்கும் அப்பொருத்தம் இல்லாமைக்கு நடிகையரின் திறமைக் குறைவே காரணம் என எளிதிற் கூறிவிடுவர். மலையாளத்தில் எடுக்கப்பட்டுத் தமிழகத்திலும் பரவலாக ஓடிய மென்பாலியல் படங்களை முன்வைத்து இக்கருத்துப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. தொல்காப்பிய அகக்கோட்பாடு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

வரலாற்றுப் பின்னணி

திரைப்படத் தணிக்கை குறித்து ஆராய்ந்த ஜி.டி. கோஸ்லா குழு, கதைக்குத் தேவையெனின் முத்தத்தையும் ஆடையற்ற உடலையும் அனுமதிக்கலாம் என 1969இல் பரிந்துரைத்தது. நடைமுறையில் அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. அதன்பின் வந்த படங்களுள் ஐ.வி. சசி இயக்கிச் சீமா நடித்த ‘அவளுடெ ராவுகள்’ (1978) குறிப்பிடத்தக்கது. பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்ணொருத்தியின் வாழ்வைக் கூறும் அப்படம் ‘ஏ’ சான்றிதழ் பெற்றும் பெருவெற்றி அடைந்தது. பி. சந்திரகுமாரின் ‘ஆதிபாபம்’ (1988) உடலைக் காட்டுவதையே முதன்மையாகக் கொண்ட போக்கைத் தொடங்கி வைத்தது எனலாம். ஷகீலா நடித்த ‘கின்னாரத்தும்பிகள்’ (2000) அப்போக்கை உச்சத்திற்குக் கொண்டு சென்றது. தமிழகத்தில் இவை காலைக்காட்சிகளாக ஓடின. ‘மலையாளப் படம்’ என்னும் தொடரே ஒரு காலத்தில் இவ்வகைப் படங்களைக் குறிக்கும் குழூஉக்குறியாயிற்று. குறுவட்டும் இணையமும் பரவியபின் இவற்றின் சந்தை தளர்ந்தது.

துண்டுக் காட்சிகள்

இப்படங்களின் இயல்பைத் தீர்மானித்தது அவற்றின் ஆக்கமுறையாகும். தணிக்கைக்கு ஒரு படம் செல்லும். சான்றிதழ் பெற்றபின் வேறு காட்சிகள் படச்சுருளில் இடையே சேர்க்கப்படும். மலையாளத்தில் ‘துண்டு’ எனவும் தமிழில் ‘பிட்டு’ எனவும் இவை வழங்கப்பட்டன. வங்கதேசத்திலும் இம்முறை இருந்தமையை லோட்டே ஹூக் 2014இல் வெளியிட்ட ஆய்வுநூலில் விளக்கியுள்ளார். மலையாளப் படங்கள் குறித்துத் தர்சனா ஸ்ரீதர் மினியின் விரிவான நூல் 2024இல் வெளிவந்துள்ளது.

இடையிற் செருகப்படும் துண்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பல நேரங்களில் அதில் தோன்றும் உடல் கதையில் வரும் நடிகையுடையதும் அன்று, பதிலாள் ஒருவருடையது. ஆதலின் முகம் மறைக்கப்பட்டது. முகம் ஒருத்திக்கும் உடல் மற்றொருத்திக்கும் உரியதாகும்போது, உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதாகிய மெய்ப்பாடு தோன்ற இடமில்லை.

காமத்தைத் தொல்காப்பியர் காலத்தில் நிகழ்வதாகக் காண்கிறார். கூட்டத்திற்கு முன் தலைவியிடம் தோன்றும் குறிகளை மெய்ப்பாட்டியல் படிப்படியாக நிரல்படுத்துகின்றது. எதிர்ப்பட்டு நிற்றல், நெற்றியில் வியர்வை அரும்புதல், எழுந்த சிரிப்பை மறைத்தல் என அவை வளர்கின்றன. மறைக்க முயலும் சிரிப்பே வேட்கைக்குச் சான்றாகின்றது. மறைத்தற்கு எதுவும் இல்லாத துண்டில் அச்சான்றும் இல்லை.

உரிப்பொருளின் குறுக்கம்

அகத்திணையின் உரிப்பொருள்கள் ஐந்தனுள் புணர்தல் ஒன்றேயாகும். பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய நான்கும் கூடாமையின் நிலைகள். சங்க அகப்பாடல்களில் வேட்கை மிகுந்து நிற்பது பெரும்பாலும் இந்நான்கிலேயாம். மென்பாலியல் படம் புணர்தலை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கொள்கின்றது. காத்திருத்தல் இல்லாத இடத்தில் கூடுதலுக்குப் பொருளும் இல்லாமற் போகின்றது.

கைக்கிளையும் பார்வையாளரும்

இங்கு ஒரு தடை எழலாம். ஒத்த அன்பு இன்மையே குறையெனின், ஒருதலைக் காமமாகிய கைக்கிளையிலும் உணர்ச்சி இருத்தல் கூடாதன்றோ? அவ்வாறன்று. பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யில் (1982) சில்க் ஸ்மிதா ஏற்ற பாத்திரம் இதற்குத் தக்க சான்றாகும். முதிய தலைமையாசிரியரின் இளம் மனைவியாகிய அவள், தன்னை விரும்பாத ஆசிரியன்மீது வேட்கை கொள்கிறாள். அது நிறைவேறுவதில்லை, ஆயினும் அவ்வேட்கை அவளுடையது என்பதில் ஐயமில்லை. கவர்ச்சி நடிகையென ஒதுக்கப்பட்டவரே கதை இடங்கொடுத்தபோது காமத்தை உணர்த்த வல்லவராயினார்.

ஆகவே இன்றியமையாதது ஒத்த அன்பு மட்டுமன்று. கதைக்குள் வேட்கை கொள்ளும் ஒருவர் வேண்டும். மென்பாலியல் படத்தில் அத்தகையவர் எவரும் இல்லை. வேட்கையுடையவர் அரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளரே. மறுமொழி பெறாமல் தானே சொல்லித் தானே மகிழும் கைக்கிளைத் தலைவனின் நிலை அவருக்கு வாய்க்கின்றது. திரையில் உள்ளவரோ அவரது பார்வைக்காக உடலை நிறுத்துகிறாரேயன்றி எதிரிலிருப்பவரை நோக்குவதில்லை.

கூற்றின்மையும் இதனோடு இயைந்தது. அகப்பாடலில் தலைவிக்கும் தோழிக்கும் கூற்றுண்டு, பெயரில்லை. இப்படங்களில் நடிகையின் பெயரே விளம்பரமாயிற்று, கூற்றில்லை. இரவற்குரல் தென்னிந்தியத் திரைப்படத்திற்குப் பொதுவான வழக்கமாதலின், அதனால் மட்டும் உணர்ச்சி குன்றியது எனக் கூறவியலாது. குரல் எவருடையதாயினும், சொல்வதற்கு அப்பாத்திரத்திடம் எதுவும் இல்லாமையே குறையாகும்.

ஜப்பானிய ஒப்பீடு

வணிகக் கட்டாயமே இந்நிலைக்குக் காரணம் எனக் கருதவும் இயலாது. ஜப்பானின் நிக்கட்சு நிறுவனம் 1971 முதல் 1988 வரை இத்தகைய படங்களைத் தொடர்ந்து எடுத்தது. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கொரு பாலியல் காட்சி வேண்டும் என்பது விதி. ஏனையவற்றில் இயக்குநருக்கு உரிமை இருந்தது. தட்சுமி குமாஷிரோ போன்றோர் அவ்விதிக்குள் நின்றே திறனாய்வாளர் போற்றிய படங்களை உருவாக்கினர். அங்குக் காட்சி கதையோடு சேர்ந்து எடுக்கப்பட்டது. இங்குக் கதைக்கு வெளியே எடுக்கப்பட்டுச் செருகப்பட்டது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

முடிவுரை

மென்பாலியல் படங்களின் உணர்ச்சியின்மை மிகுதியாகக் காட்டியதால் நேர்ந்ததன்று. நடிகையரின் குறையும் அன்று. முகத்தையும் உடலையும், கூடலையும் காத்திருத்தலையும், பெயரையும் கூற்றையும் பிரித்துவைத்த ஆக்கமுறையின் விளைவே அது. தணிக்கை விதிகளும் அவற்றை மீறிய வணிகமும் சேர்ந்து அம்முறையை உருவாக்கின. பழியோ நடிகையர்மீது விழுந்தது. சில்க் ஸ்மிதா 1996இல் மறைந்தபின்னரே அவரது நடிப்பாற்றல் குறித்துப் பலர் எழுதினர். ஷகீலாவின் தன்வரலாறு மலையாளத்தில் 2013இல் வெளிவந்தது. திரையில் மறுக்கப்பட்ட கூற்று அவருக்கு நூலில் வாய்த்தது எனலாம். இப்படங்களை ஒழுக்கக்கேடு என ஒதுக்குவதோடு நில்லாமல், அகமரபின் துணைகொண்டு அவற்றின் வெறுமைக்குக் காரணம் காண்பது தமிழாய்வின் கடமையாகும்.