கட்டப்படாத ரசம்: கன உலோகமும் இரு பாடல்களும்

‘ஹெவி மெட்டல்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேதியியலில் அது ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய கன உலோகங்களைக் குறிக்கும். இசையில், 1970ஐ ஒட்டி இங்கிலாந்தில் தோன்றி உலகெங்கும் பரவிய, மின்கிதாரின் முழக்கத்தை முதுகெலும்பாகக் கொண்ட ஒரு வகைமையைக் குறிக்கும். இவ்விரு பொருளும் சந்திக்கும் இடம் தொழிற்சாலை. பழனி மலைத் தொடரில், கொடைக்கானலில், கன உலோகமொன்று இரண்டு பாடல்களுக்குக் காரணமாயிற்று. அப்பாடல்கள் ஹெவி மெட்டல் வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் அவ்விசை பிறந்த கதையோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் தனித்தன்மை புலப்படுகிறது.

முதலில் அந்தக் கதை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், 1965ஆம் ஆண்டு, உலோகத் தகடு செய்யும் ஆலையொன்றில் பதினேழு வயது இளைஞர் ஒருவரின் வலக்கை இயந்திரத்தில் சிக்கியது. இரண்டு விரல்களின் நுனிகள் போயின. ஆலையில் அதுவே அவருடைய கடைசி வேலைநாள். டோனி அயோமி என்ற அந்த இளைஞர் இடக்கைப் பழக்கமுள்ளவர். கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை வலக்கைதான். அவர் மனமுடைந்திருந்தபோது, தீ விபத்தில் விரல்கள் பழுதுபட்ட பின்னும் கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டியவர் அவ்வாலையின் மேலாளர். அயோமி உருக்கிய பிளாஸ்டிக்கில் விரல் உறைகள் செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைத் தேர்ந்தார். பிற்பாடு அவற்றைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். தாழ்ந்த, கனத்த அந்த ஒலி ‘பிளாக் சாபத்’ குழுவின் அடையாளமாயிற்று. அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் (2025 ஜூலையில் மறைந்தார்) இளமையில் இறைச்சிக் கூடத்திலும், மோட்டார் ஹாரன்களைச் சோதிக்கும் ஆலையிலும் வேலை பார்த்தவர். தம் வாழ்வையும் இசையையும் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம் இக்கலைஞர்கள் ஆலைகளை நினைவுகூர்ந்தனர். காயம் பட்டவரே பாடினார். பட்ட காயமே ஓசையாயிற்று.

கொடைக்கானலில் நடந்தது வேறு. அங்கே காயம் பட்டவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையொன்று, எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலின் செயின்ட் மேரீஸ் சாலைக்கு வந்து சேர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை அது. பின்னர் யூனிலீவர் குழுமத்தின் இந்தியக் கிளையான இந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. பாதரசமும் கண்ணாடியும் அமெரிக்காவிலிருந்து வந்தன; செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் அங்கேயே திரும்பின. இந்தியாவில் எஞ்சியது கழிவு. ஆலையை ஒட்டி இருப்பது பாம்பார் சோலைக்காடு. அங்கிருந்து இறங்கும் நீர் பெரியகுளத்துக்கு அருகில் கும்பக்கரை அருவியாக விழுகிறது.

பழனிக்கும் பாதரசத்துக்கும் பழைய உறவு உண்டு. பழனி மூலவரைப் போகர் நவபாஷாணத்தால் வடித்தார் என்பது மரபு. சித்த மருத்துவம் கூறும் பாஷாணங்களில் லிங்கம், வீரம், பூரம் என்பன பாதரசச் சேர்மங்களே. ரசத்தைச் சுத்தி செய்ய வேண்டும், பின் கட்ட வேண்டும் என்பது சித்தர் வாக்கு. ‘கட்டுதல்’ என்றால் ஓடுவதை நிறுத்துதல். அறை வெப்பத்திலேயே நீர்போல் ஓடி, கண்ணுக்குத் தெரியாத ஆவியாகவும் எழும் உலோகத்தைப் பற்றி நம்மவர் கொண்டிருந்த அச்சம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. மலையடிவாரத்தில் கட்டப்பட்டதாக மரபு சொல்லும் ரசம், மலைமேல் கட்டப்படாமல் திரிந்தது.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் உள்ள பழைய பொருள் கிடங்கொன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி குவிந்து கிடப்பதைக் கிரீன்பீஸ் அமைப்பும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் உள்ளூர் மக்களும் வெளிக்கொணர்ந்தனர். அம்மாதமே ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தம் உடல்நலம் பாழானதாகக் கூறி முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். நிறுவனம் அதனை மறுத்தது. நிபுணர் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நோய் கண்டறியப்பட்டது 1956இல். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் கொடைக்கானல் தொழிலாளி தன் நோயைத் தானே நிரூபிக்க வேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் 2015 ஜூலை இறுதியில் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற காணொளிப் பாடல் வெளிவந்தது. எழுதிப் பாடியவர் சென்னையைச் சேர்ந்த ராப் கலைஞர் சோஃபியா அஷ்ரஃப். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ பாடலின் மெட்டில் அது அமைந்திருந்தது. சோஃபியா இதற்கு முன்பே, 2008இல், போபால் நச்சுவாயுத் துயரை முன்வைத்து டௌ நிறுவனத்துக்கு எதிராகப் பாடியவர். விளம்பரத் துறையில் வாசகம் எழுதிப் பழகியவர். ஒரு வரியைக் கேட்பவர் மனத்தில் எப்படி ஒட்டவைப்பது என்ற விளம்பரக் கலையை, விளம்பரத்தால் வளர்ந்த நிறுவனம் ஒன்றை நோக்கித் திருப்பினார் எனலாம். சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தனர். நிக்கி மினாஜே அதைத் தம் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். யூனிலீவரின் அன்றைய தலைவர் பால் போல்மன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இரவல் மெட்டு என்று இதைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் உண்டு. அவர்கள் நம் குஜிலிப் பதிப்புகளை மறந்தவர்கள். வெள்ளம், ரயில் விபத்து, கொலை என ஊரை உலுக்கிய சேதி எதுவாயினும் அது சிந்தாக அச்சாகிச் சந்தையில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றது. பாட்டின் தலைப்பில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று குறித்திருப்பார்கள். மெட்டு எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால்தான் சேதி பரவும். சோஃபியா அஷ்ரஃப் பாடியது இருபத்தொன்றாம் நூற்றாண்டின் பாதரசச் சிந்து.

2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தொகை வெளியிடப்படவில்லை, மனிதாபிமான அடிப்படையில் தருவது என்றே நிறுவனம் கூறியது. பாட்டு மட்டுமே இதைச் சாதித்தது என்பது மிகை. அதற்குப் பின்னால் பதினைந்து ஆண்டுகள் மனு எழுதியவர்களும், நீதிமன்றப் படி ஏறியவர்களும், நித்தியானந்த் ஜெயராமன் போன்ற செயற்பாட்டாளர்களும் இருந்தனர். கோப்புகளுக்குள் கிடந்த உண்மையை உலகம் எட்டிப் பார்க்கும்படி செய்தது பாட்டு. அதன் எல்லையும் அதுவே.

மண் அப்படியே கிடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை எஞ்சலாம் என்ற சுத்திகரிப்பு அளவை நிறுவனம் முன்வைத்தது. பிரிட்டனில் இதைவிடக் கடுமையான அளவு கேட்கப்படும், கொடைக்கானலுக்கு மட்டும் ஏன் தளர்வு என்று செயற்பாட்டாளர்கள் வினவினர். ஆகவே 2018இல் ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’ என்ற இரண்டாம் பாடல் வந்தது. இம்முறை சோஃபியாவுடன் கர்நாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் ராக் பாடகர் அம்ரித் ராவும் சேர்ந்தனர். சென்னையின் டிசம்பர் இசைவிழாவில் இனிப் பாடுவதில்லை என்று 2015இல் முடிவெடுத்தவர் கிருஷ்ணா; 2017இல் எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் ‘புறம்போக்கு’ பாடலைப் பாடியவர். சபா மேடையில் பக்திக்கு மட்டும் என ஒதுக்கிய ராக இசையை நச்சு மண்ணின் மீது நிறுத்தியது அவர் தம் கலைவாழ்வில் எடுத்த நிலைப்பாட்டின் தொடர்ச்சி. நோக்கினால் இரு பாடல்களுக்கும் தொனி வேறு. முதற்பாடல் கேலி செய்து நீதி கேட்டது. இரண்டாம் பாடல் சமநீதி கேட்டது.

இங்கே முன்சொன்ன ஒப்பீட்டுக்குத் திரும்பலாம். அயோமியின் காயம் அவருடையது. அதைப் பாட அவர் யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. கொடைக்கானல் பாடல்களைப் பாடியவர்கள் அவ்வாலையில் வேலை செய்தவர்கள் அல்லர். பிறர் துயரைப் பாடுகிறவருக்குப் புகழ் சேர்வதும், துயருற்றவர் பெயரின்றிப் போவதும் எளிதில் நிகழக்கூடியவை. இவ்விரு பாடல்களும் அந்தக் குறையிலிருந்து பெருமளவு தப்பியதற்குக் காரணம், அவை தம்மை முடிந்த முடிபாகக் கருதாமல் ஒரு வழக்கின் துணைக்கருவியாக நின்றமைதான். முதற்பாடலின் வேகம் ஓய்ந்தபோது கேட்பவர் கையில் எஞ்சியது ஒரு கோரிக்கை. இரண்டாம் பாடல் ஓய்ந்தபோது எஞ்சியது ஓர் எண்.

பாதரசத் தெர்மாமீட்டரின் காலம் முடிந்துவிட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அதன் உற்பத்திக்கும் வணிகத்துக்கும் 2020ஐ இறுதி ஆண்டாக வைத்தது. ஆனால் பாதரசம் ஒரு தனிமம். வெயிலும் மழையும் அதைச் சிதைப்பதில்லை. ஆலை மூடலாம், வழக்கு முடியலாம், பாட்டு பழையதாகலாம். மண்ணில் விழுந்தது அங்கேயே இருக்கும், அல்லது நீரோடு கீழே இறங்கும். அதனால்தான் பாம்பார் ஓடும் வரை இப்பாடல்களை வரலாறு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.