மோட்டார் வாகனப் புகையும் இலாபத்தின் தர்க்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக எழுதும் மரபு இன்றும் நிலவுகின்றது. பயனுள்ள கண்டுபிடிப்பொன்றைச் சமூகம் தானாகவே ஏற்றுக்கொள்ளும் என்பது இம்மரபின் எடுகோள். மோட்டார் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் சாதனங்களின் வரலாறு இவ்வெடுகோளைப் பொய்ப்பிக்கின்றது.

1943ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டம் மக்களின் கண்களை எரியச் செய்தது. தொழிற்சாலைகளே காரணம் எனப் பலரும் கருதினர். எரிபொருளினின்று வெளிப்படும் ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன் ஸ்மித் நிறுவினார். இதனால் மோட்டார் வாகனமும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

பரிகாரம் கடினமானதன்று. எஞ்சினில் முற்றாக எரியாத ஐதரோக்காபன்களும் காபனோரொட்சைட்டும் வெப்பத்துடனேயே வெளியேறுகின்றன. வெளியேற்று வாயிலருகே பம்பி மூலம் புதிய வளியைச் செலுத்தினால், அவை அங்கேயே ஒட்சியேற்றமடைந்து காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறும். இதுவே வளியுட்செலுத்தல் முறை. ஆயின் 1967க்கு முன்னர் எச்சாதனத்தையும் பொருத்த இயலாதென நிறுவனங்கள் கூறின. 1964இல் வெளியார் தயாரித்த நான்கு சாதனங்களைக் கலிபோர்ணியா அங்கீகரித்ததும், 1966ஆம் ஆண்டு வாகனங்களிலேயே தம் சொந்தச் சாதனங்களைப் பொருத்துவதாக அவை அறிவித்தன. நேற்றுவரை இயலாதிருந்தது இன்று இயன்றது எவ்வாறு? இச்சாதனங்களின் வளர்ச்சியைத் தாமதப்படுத்த 1953 முதல் நிறுவனங்கள் கூட்டாகச் செயற்பட்டன என அமெரிக்க நீதித் திணைக்களம் 1969இல் வழக்குத் தொடர்ந்தது. அவ்வழக்கு அதே ஆண்டில், குற்ற ஒப்புதலின்றி, இணக்கத் தீர்ப்புடன் முடிவுற்றது.

ஊக்கி மாற்றியின் கதையும் இத்தகையதே. பிரான்சில் பிறந்த பொறியியலாளர் யூஜின் ஹூட்ரி 1950களிலேயே அதனை உருவாக்கினார். ஆனால் பெற்றோலிற் கலந்த ஈயம் ஊக்கியின் மேற்பரப்பிற் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்தது. எஞ்சினின் தட்டொலியைத் தணிக்கும் இவ்வீயச் சேர்வையின் ஆற்றல் 1921இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டது. 1924இல் நியூ ஜேர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் ஐந்து தொழிலாளர் அந்நஞ்சினால் மாண்டனர். விற்பனையோ சிறிதுகால இடைநிறுத்தத்தின் பின் மீண்டும் தொடர்ந்தது. தொழிலாளியின் உடல் சாதிக்காததை ஊக்கி சாதித்தது: 1970ஆம் ஆண்டின் தூய வளிச் சட்டம் ஐதரோக்காபன், காபனோரொட்சைட்டு ஆகியவற்றை 90 சதவீதத்தாற் குறைக்கப் பணித்தமையால், 1975ஆம் ஆண்டு அமெரிக்க வாகனங்களில் மாற்றி பரவலாக இடம்பெற்றது, ஈயமற்ற பெற்றோலும் சந்தைக்கு வந்தது. வாகனப் பெற்றோலில் ஈயம் உலகெங்கும் ஒழிந்தது 2021இல், அல்ஜீரியாவுடன்தான்.

1977இல் வொல்வோ அறிமுகப்படுத்திய மும்முறை மாற்றியில், பிளாற்றினம் முதலியவை ஒட்சியேற்றத்தையும் றோடியம் நைதரசன் ஒட்சைட்டுகளின் தாழ்த்தலையும் ஊக்குவிக்கின்றன. இதற்கு வளிக்கும் பெற்றோலுக்குமான நிறை விகிதம் ஏறத்தாழ 14.7:1 ஆக இருத்தல் வேண்டும். ஒட்சிசன் உணரி அதனைப் பேணுகின்றது.

இதனால் நகரங்களின் வளி தூய்மையடைந்தமை மறுக்கற்பாலதன்று. எனினும் அவ்வுலோகங்களைத் தரும் தென்னாபிரிக்கச் சுரங்கங்களையும் நாம் நோக்குதல் வேண்டும். 2012 ஆகஸ்ட் 16ஆம் நாள், மரிக்கானா பிளாற்றினச் சுரங்கத்தில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளரைப் பொலிசார் சுட்டுக் கொன்றனர். புகைபோக்கியின் முனையில் மட்டும் தூய்மையை அளப்போர் இக்கணக்கைக் காண்பதில்லை. அறிவு 1950களிலேயே இருந்தது. அதனை நடைமுறையாக்கியது சட்டத்தின் நிர்ப்பந்தமே. அந்நடைமுறையின் விலையை எவ்வர்க்கம் செலுத்துகின்றது என்ற வினாவையும் எழுப்பும்போதே தொழில்நுட்ப வரலாறு முழுமை பெறும்.