சோஜி லாவில் ஏறிய டாங்கிகள்

போர் வரலாற்றைப் படிக்கும்போது வென்ற தளபதியின் பெயரையும் வென்ற நாளையும் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம்; வழி அமைத்தவர் யாவர் என்று கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டிய நிகழ்ச்சி ஒன்று 1948-ஆம் ஆண்டில் சோஜி லா கணவாயில் நடந்தது.

காஷ்மீரப் பள்ளத்தாக்கிலிருந்து லடாக்கிற்குச் செல்வோர் கடக்க வேண்டிய இக்கணவாய் 11,500 அடிக்கு மேல் உயர்ந்தது. அந்நாளில் அதன்மீது சென்றது பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளுக்கு ஏற்ற குறுகிய தடமே. அவ்வாண்டுக் கோடையில் பகைவர் கார்கிலையும் திராஸையும் பிடித்தனர். பின்னர்க் கணவாயையும் அடைத்துக்கொண்டனர். ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் வழி அறுபட்டது. செப்டம்பரில் நம் காலாட்படை தாக்கியும் பயனில்லை. பாறை முழைஞ்சுகளில் மறைந்திருந்த இயந்திரத் துப்பாக்கிகள் அதனைத் தடுத்து நிறுத்தின.

டாங்கிகளைக் கொண்டு சென்றாலன்றி வழி திறவாது எனத் தளபதி திம்மய்யா துணிந்தார். 7-ஆம் லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஜம்முவிலிருந்து மலைச்சாலை வழியே புறப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 டன் எடையுள்ளது. வலுவற்ற பாலங்கள் தாங்கும்பொருட்டு அவற்றின் பீரங்கிக் கூண்டுகள் கழற்றப்பட்டன. பகைவர் அறியாவண்ணம் அவை மூடி மறைத்தும் கொண்டுசெல்லப்பட்டன.

ஆயினும், பால்தாலுக்கு அப்பால் டாங்கி செல்லும் வழியே இல்லை. அதனை உண்டாக்கும் பொறுப்பு மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியாளர் படையிடம் வந்தது. தென்னாட்டின் வெயிலில் வளர்ந்தவர் பலர் அப்படையில் இருந்தனர். உறையும் குளிரில், பகைவரின் குண்டுகளுக்கு இடையே, அவர்கள் பாறையை வெடிவைத்துப் பிளந்து கழுதைத் தடத்தை அகலப்படுத்தினர்.

பனிப்பொழிவால் தாக்குதல் தள்ளிப்போடப்பட்டு, இறுதியில் நவம்பர் 1-ஆம் நாள் தொடங்கியது. ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் பாதாளம். சக்கரப் பட்டை சற்றே வழுக்கினும் உயிர் மிஞ்சாது. அவ்வழியே ராஜிந்தர் சிங் தலைமையில் டாங்கிகள் ஏறின. திம்மய்யாவும் முன்னணி டாங்கியிலேயே சென்றார். அவ்வளவு உயரத்தில் டாங்கியை எதிர்பாராத பகைவர் நிலைகுலைந்தனர். அன்றே கணவாய் நம் வசமாயிற்று. அம்மாதத்திற்குள் திராஸும் கார்கிலும் மீண்டன. லே செல்லும் வழி திறந்தது.

இன்று அக்கணவாயின்மீது ஊர்திகள் வரிசையாகச் செல்கின்றன. பயணிகள் பனிமுகட்டைக் கண்டு வியக்கின்றனர். நாமும் வியப்போம், ஆனால் டாங்கியை ஓட்டியவரோடு, அது நிற்கப் பாறையில் இடம் வெட்டித் தந்தவரையும் ஒருகணம் நினைப்போமாக.