இந்திய நகரங்களில் பொதுத் தூய்மை குறித்த மனப்பான்மை

இந்திய நகரங்களில் பொதுத் தூய்மை குறித்த மனப்பான்மை என்பது தெரு, சந்தை, நீர்நிலை, பேருந்து நிலையம் முதலிய பொது இடங்களின் தூய்மையையும் மாசடைதலையும் இந்திய நகரவாசிகள் எவ்வாறு நோக்குகிறார்கள், அதற்கு யார் பொறுப்பு எனக் கருதுகிறார்கள் என்பதைக் குறிக்கும். உடலையும் வீட்டையும் தூய்மையாக வைத்திருப்பதில் மிகுந்த அக்கறை காட்டும் மக்கள் வாழும் நகரங்களில் பொது இடங்கள் அசுத்தமாக இருப்பது ஏன் என்பதே இதன் மையக் கேள்வி ஆகும். மக்களிடம் குடிமை உணர்வு குறைவு என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விடை. சாதி சார்ந்த வேலைப் பிரிவினையும் நகராட்சிச் சேவைகளின் போதாமையும் ஏனைய முக்கிய காரணிகளாகும். சேவை சீரானபோது அதே மக்களின் பழக்கம் சில ஆண்டுகளிலேயே மாறியதை சூரத், இந்தோர் ஆகிய நகரங்களில் காண முடிகிறது.

வீடும் வெளியும்

இந்திய வீடுகளில் தூய்மை ஓர் அன்றாட ஒழுங்காகப் பேணப்படுகிறது. காலணிகளை வெளியே கழற்றுதல், நாள்தோறும் குளித்தல், அதிகாலையில் வீட்டைப் பெருக்குதல் ஆகியன பரவலான வழக்கங்கள். தமிழகத்தில் வாசலில் நீர் தெளித்துக் கோலமிடுவதும் இவ்வகையில் சேரும். ஆயினும் பெருக்கிய குப்பை பல வேளைகளில் வாசலைத் தாண்டித் தெருவோரத்திலோ சாக்கடையிலோ சென்று சேர்கிறது. தூய்மைக்கான பொறுப்பு வாசற்படியோடு முடிவடைவதாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம் எனலாம்.

இப்பிரிவினையை அறிஞர்கள் சிலர் ஆராய்ந்துள்ளனர். வரலாற்றாய்வாளர் திபேசு சக்கரவர்த்தி 1990களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரையில் குப்பையையும் 'வெளி' என்னும் கருத்தையும் தொடர்புபடுத்தினார். அரசியல் அறிஞர் சுதீப்த கவிராசு 1997 இல் கொல்கத்தாவின் பொது இடங்களைப் பற்றி எழுதினார். மேற்கத்திய 'பொது' என்ற கருத்தும், வீட்டுக்கு எதிரான 'வெளி' என்ற உள்ளூர்க் கருத்தும் ஒன்றல்ல என்பது இவ்வாய்வுகளில் வெளிப்படுகிறது. 'பொது' என்பது எல்லோருக்கும் உரியது. 'வெளி' என்பது யாருக்கும் உரியதல்ல.

சுவர்களில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கக் கடவுளர் படம் பதித்த ஓடுகளை ஒட்டும் வழக்கம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். பொது இடமாக இருக்கும் வரை அசுத்தப்படுத்தப்படும் சுவர், புனித இடமாக மாற்றப்பட்டதும் மதிக்கப்படுகிறது.

வரலாறு

பொது இடத் தூய்மையை அரசியல் பொருளாக முன்வைத்தவர்களுள் மகாத்மா காந்தி முதன்மையானவர். 1901 இல் கல்கத்தாவில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டில் கழிப்பிடங்கள் மிகவும் அசுத்தமாக இருந்தன. அவற்றைத் துப்புரவு செய்வது தம் வேலையல்ல என்று தொண்டர்கள் கூறியதால், தாமே துடைப்பத்தை எடுத்துச் சுத்தம் செய்ததைக் காந்தி தமது தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். 1916 பெப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையில், விசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளின் அசுத்தத்தையும், தொடர்வண்டிப் பெட்டிகளில் துப்பும் வழக்கத்தையும் அவர் கண்டித்தார்.

விடுதலைக்குப் பின் நகரங்கள் விரைவாக வளர்ந்தன. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள் தொகையில் 31.16 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். நகர்ப்புறக் குடும்பங்களுள் 18.6 விழுக்காட்டினருக்கு அப்போது வீட்டில் கழிப்பறை இல்லை, 12.6 விழுக்காட்டினர் திறந்தவெளியைப் பயன்படுத்தினர்.

காரணிகள்

சாதியும் துப்புரவுப் பணியும்

துப்புரவுப் பணி தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டு வந்துள்ளது. அசுத்தத்தை உண்டாக்குபவர் ஒருவர், அகற்றுபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு, அசுத்தம் செய்வதில் கூச்சம் இல்லாத நிலையை உருவாக்கியது. குப்பையைத் தெருவில் எறிவது இழிவாகக் கருதப்படாமல், அதை அள்ளுவது இழிவாகக் கருதப்பட்டது. எனவே பொதுத் தூய்மையைச் சாதியிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என அம்பேத்கரியச் சிந்தனையாளர்களும் துப்புரவுப் பணியாளர் அமைப்புகளும் வலியுறுத்தி வருகின்றனர்.

மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993 இலும், பின்னர் விரிவாக 2013 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கழிவுநீர்க் குழாய்களில் இறங்கி இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2014 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 இல் இத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இக்கொடுமைக்கு எதிராகப் போராடிவரும் பெசவாடா வில்சனுக்கு 2016 இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

சேவைகளின் போதாமை

மனப்பான்மை எனக் குறை கூறப்படுபவற்றுள் பல வசதிக் குறைவின் விளைவுகளாகும். நடந்து செல்லும் தொலைவில் கழிப்பறை இல்லாதவர் தெருவோரத்தையே நாட வேண்டியுள்ளது. தெருமுனைத் தொட்டி நாட்கணக்கில் அகற்றப்படாமல் நிரம்பி வழியும்போது, அடுத்து வருபவர் அதன் அருகிலேயே குப்பையைக் கொட்டுகிறார். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தவர், இரண்டும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைக் கண்டபின் பிரிப்பதை நிறுத்திவிடுகிறார். மக்கள் ஒத்துழைப்பதில்லை என்று நிருவாகமும், நிருவாகம் செயற்படுவதில்லை என்று மக்களும் கூறும் இச்சுழற்சி பல நகரங்களில் காணப்படுகிறது.

மாற்றம் கண்ட நகரங்கள்

சென்னை

1989 இல் சென்னையில் வங்கி அதிகாரியான எம். பி. நிர்மல் என்பவர் எக்சுனோரா என்னும் தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். ஒரு தெருவின் குடும்பங்கள் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, மூன்று சக்கர வண்டியுடன் ஒருவரை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் முறையை இது பரப்பியது. சேகரிப்பவரை 'தெருவை அழகுபடுத்துபவர்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தது குறிப்பிடத்தக்கது. எனினும் தெருக்களில் சேகரிக்கப்பட்ட குப்பையைச் சேர்ப்பதற்குக் கொடுங்கையூர், பெருங்குடி ஆகிய திறந்தவெளிக் கிடங்குகளே இருந்தன. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதியை விழுங்கியது.

சூரத்

குசராத் மாநிலத்திலுள்ள சூரத்தில் 1994 செப்டம்பரில் நுரையீரல் கொள்ளைநோய் பரவியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது; இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். 1995 இல் மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்ற எசு. ஆர். ராவ், நகரை ஆறு மண்டலங்களாகப் பிரித்து அதிகாரங்களைப் பரவலாக்கினார். அதிகாரிகள் நாள்தோறும் தெருக்களுக்குச் சென்று பார்வையிட வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. இரவுநேரத் துப்புரவும், குப்பை கொட்டும் கடைகளுக்கு அபராதமும் நடைமுறைக்கு வந்தன. செல்வாக்கு உள்ளவர்களின் ஆக்கிரமிப்புகளும் அகற்றப்பட்டதால் மக்களிடையே நம்பிக்கை ஏற்பட்டது. 1996 இல் இன்டாக் அமைப்பு இந்நகரை சண்டிகருக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது தூய்மையான நகரமாக அறிவித்தது.

இந்தோர்

மத்தியப் பிரதேசத்தின் இந்தோர், நடுவண் அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2016 இல் 25 ஆவது இடத்தில் இருந்து, 2017 முதல் தொடர்ந்து முதலிடம் பெற்று வந்துள்ளது. இங்கு வீடு வீடாகக் குப்பை சேகரிப்பு முறைப்படுத்தப்பட்ட பின்னரே தெருமுனைத் தொட்டிகள் அகற்றப்பட்டன. வகைப்படுத்திய குப்பைக்குத் தனித்தனி அறைகள் கொண்ட வண்டிகள் அமர்த்தப்பட்டதால் வீட்டில் பிரிப்பதற்குப் பயன் ஏற்பட்டது. நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவிலிருந்து எரிவளி தயாரிக்கும் ஆலை 2022 பெப்ரவரியில் திறக்கப்பட்டது.

சட்டங்களும் திட்டங்களும்

1996 இல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000 இல் வெளியிடப்பட்டன. குப்பையை உருவாக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்பதை வலியுறுத்திய புதிய விதிகள் 2016 இல் வெளிவந்தன. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டது. 2016 இல் 73 நகரங்களுடன் தொடங்கிய தூய்மைக் கணக்கெடுப்பில் முதலிடத்தை மைசூர் பெற்றது. பின்னர் இக்கணக்கெடுப்பு நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு விரிவாக்கப்பட்டது. தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் பல தடை செய்யப்பட்டன. 2021 இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் பரப்புரை தொடங்கப்பட்டது.

விமர்சனங்கள்

இத்தகைய திட்டங்கள் கண்ணுக்குத் தெரியும் தூய்மைக்கே முதன்மை தருகின்றன என்பது முக்கிய விமர்சனம் ஆகும். தெருக் குப்பை எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆற்றில் கலக்கும் கழிவுநீரும், காற்று மாசும், நகருக்கு வெளியே உயரும் குப்பை மேடும் எளிதில் கவனம் பெறுவதில்லை. வாசலுக்கு வெளியே தள்ளும் பழக்கம், நகர எல்லைக்கு வெளியே தள்ளும் பழக்கமாகப் பெரிதாகிறது என்று இதனைக் கூறலாம். 2025 டிசம்பர் இறுதியில் இந்தோரின் ஒரு பகுதியில் குடிநீரில் கழிவுநீர் கலந்து பலர் இறந்த நிகழ்வு, தெருக்களின் தூய்மையை மட்டும் கொண்டு ஒரு நகரின் தூய்மையை அளக்க முடியாது என்பதை உணர்த்தியது.

குடிமை உணர்வு பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏழைகளையும் குடிசைவாசிகளையுமே குற்றஞ்சாட்டுகிறது என்பது மற்றொரு விமர்சனம். வருவாய் மிகுந்த குடும்பங்களே நெகிழியையும் பொதியுறைகளையும் மிகுதியாகப் பயன்படுத்திக் கழிக்கின்றன. அவற்றைப் பொறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்புவோரில் பெரும்பாலோர் முறையான ஊதியமோ கையுறையோ இல்லாத ஏழைகள் ஆவர்.