கேட்புப் பதிவேடு யார் கையில்? கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளாட்சி வரிப் பிரிவுகளின் இணைப்பும் வெளி முகமையும்

தேனியை விட்டுக் குமுளிச் சாலையில் போகிறவர் பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, புதுப்பட்டி, கம்பம், கூடலூர் என்று வரிசையாக ஊர்களைக் கடக்கிறார். புறப்பட்ட தேனி-அல்லிநகரத்தையும் சேர்த்தால் அந்த ஒரே சாலையில் நான்கு நகராட்சிகள், ஐந்து பேரூராட்சிகள். இடையிடையே ஊராட்சிகள் வேறு. சில இடங்களில் ஓர் ஊரின் எல்லை எங்கே முடிகிறது என்பதை வரி ரசீதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று குறிக்கும் கேட்புப் பதிவேடு ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனி, வசூல் பிரிவும் தனி. இவற்றை ஒன்றாக்கலாமா, வேலைகளில் சிலவற்றை வெளி முகமைக்குக் கொடுக்கலாமா என்பதே கேள்வி. பதிவேடும் வசூலும் ஒன்றாகலாம். மதிப்பீடும் மேல்முறையீடும் ஊரை விட்டு நகரக் கூடாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தேனி மாவட்டத்தின் 6 நகராட்சிகளும் 22 பேரூராட்சிகளும் 130 ஊராட்சிகளும் மூன்று வெவ்வேறு தலைமைகளின் கீழ் இருக்கின்றன. பேரூராட்சிகளை 2004-இல் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றி, 2006-இல் பழையபடி பேரூராட்சிகளாக்கியதும் இந்தப் பிரிவினையின் கதைதான். ஆனால் நகர்ப்புறத்தைப் பொறுத்தவரை நிலைமை மாறிவிட்டது. நெடுங்காலம் கிடப்பில் கிடந்த 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம், 2023 ஏப்ரலில் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. கம்பம் நகராட்சிக்கும் அனுமந்தன்பட்டிப் பேரூராட்சிக்கும் இப்போது சட்டம் ஒன்றே. சட்டம் ஒன்றான பிறகும் இந்தச் சாலையில் வரிப் பிரிவு ஒன்பதாக நீடிப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2011 கணக்குப்படி தேனியின் மக்கள்தொகை சுமார் 94 ஆயிரம், கூடலூரின் மக்கள்தொகை சுமார் 42 ஆயிரம். பேரூராட்சிகள் இன்னும் சிறியவை. அங்கே வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, போதாக்குறைக்குத் தேர்தல் பணி என எல்லாமே ஓரிரு பில் கலெக்டர்களின் தலையில் விழுகின்றன.

ஒருவருடைய வரியை இன்னொருவர் வசூலிப்பது நமக்குப் புதிதல்ல. சொத்து வரியோடு நூலக வரியையும் நகராட்சியே வாங்கி நூலகத் துறைக்குக் கட்டுகிறது. ஊராட்சி ஒன்றியத்துக்கான தலவரி நிலவரியோடு சேர்த்துக் கிராம நிர்வாக அலுவலரால் வசூலிக்கப்படுகிறது. பத்திரப் பதிவின்போது உள்ளாட்சிக்கான கூடுதல் தீர்வையைப் பதிவுத் துறை பெறுகிறது. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பிரெக்லண்ட், பாரஸ்ட் ஹீத் என்ற இரு மன்றங்கள் 2000-களின் தொடக்கத்தில் வரி அலுவலகத்தைப் பொதுவாக்கிக்கொண்டன. வரி விகிதத்தை முடிவு செய்வது மட்டும் அந்தந்த மன்றத்திடமே இருந்தது. இணைப்புக்கு இதுவே சரியான எல்லை.

வெளி முகமை என்பது வேறு விஷயம். அதன் பழைய வடிவம் நம்மிடமே இருக்கிறது. பேருந்து நிலையம், சந்தை, கழிப்பிடம் ஆகியவற்றின் கட்டணங்களை வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சிகள் ஏலம் விடுகின்றன. குத்தகைதாரர் தொகையைக் கட்டிவிடுகிறார். அதற்கு மேல் கிடைப்பது அவருக்கு. பலகையில் எழுதியதற்கு மேல் வாங்கினால் யாரும் தட்டிக் கேட்கலாம், ஏனென்றால் கட்டணம் கண்முன்னே இருக்கிறது. சொத்து வரி அப்படிப்பட்டதல்ல. 2022-ஆம் ஆண்டுச் சீராய்வில் இங்குள்ள நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு உயர்வு 25 சதவீதம், வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். போடியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது வீடா, வணிக இடமா? ஆண்டு முழுவதுமா, அறுப்புக் காலத்தில் மட்டுமா? கட்டடங்களை அளக்கப் பறக்கவிடும் டிரோன் கூரையைப் படம் பிடிக்கும். கூரைக்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. ராஞ்சி மாநகராட்சி செய்ததுபோல் வசூலைக் கமிஷன் அடிப்படையில் தனியார் முகமையிடம் விட்டால், அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் பதில் வந்தால் முகமைக்கு லாபம் என்பதை விளக்கத் தேவையில்லை.

எதிர்வாதம் பலமற்றதல்ல. பில் கலெக்டர் உள்ளூர்க்காரர் என்பதாலேயே சலுகையும் கையூட்டும் நடக்கின்றன. அளவைக் குறைத்து எழுதிய கட்டடங்கள் எந்த ஊரிலும் உண்டு. உண்மைதான். அதற்கு மருந்து, அளப்பவர் ஒருவர், தீர்மானிப்பவர் ஒருவர், பணம் வாங்குபவர் ஒருவர் என்று மூன்றாகப் பிரிப்பது. அளவையை நிலையான கூலிக்கு வெளியே கொடுக்கலாம். பில் அச்சடிப்பு, கணினிப் பராமரிப்பு, குறுஞ்செய்தி போன்றவற்றையும் கொடுக்கலாம். வகைப்பாட்டை உள்ளாட்சியின் நிரந்தர அலுவலரே செய்ய வேண்டும். வார்டு வாரியாகப் பட்டியலை ஒட்டி ஆட்சேபம் கேட்க வேண்டும். 2022-இல் வந்த 139, 152 எண் அரசாணைகள் நகர்ப்புற உள்ளாட்சிகளின் நிரந்தரப் பணியிடங்களைக் குறைக்கின்றன என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆட்குறைப்பே நோக்கமானால் வரிப் பிரிவில் முதலில் காணாமல் போவது வகைப்பாட்டைச் செய்யும் அந்த நிரந்தர அலுவலர்தான்.

ஊராட்சிகளை இப்போதைக்கு இதில் சேர்க்கக் கூடாது. அவற்றின் சட்டம் வேறு, 1994-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. நகராட்சியோடு சேர்ந்தால் வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்ற அச்சமும் கிராமங்களில் இருக்கிறது. கேட்பதற்கு மன்றம் இல்லாத ஊரின் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போவது அந்த அச்சத்தை உறுதிப்படுத்தும்.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் உத்தமபாளையம் முதல் கூடலூர் வரையிலான ஐந்து நகர்ப்புற உள்ளாட்சிகள். பொது அலுவலகத்தை உத்தமபாளையத்திலேயே வைக்கலாம். கம்பத்தைவிடச் சிறிய ஊரானாலும் வட்டத் தலைமையிடம் அதுதான், பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் மக்கள் ஏற்கெனவே அங்கே வந்து போகிறார்கள். 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த ஐந்து மன்றங்களும், மேலிருந்து ஆணை வரும்வரை காத்திராமல், தங்கள் பதவிக் காலத்துக்குள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் உரிய இரு இயக்குநரகங்களுக்கும் அனுப்ப வேண்டும்.