மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை என்பது, ஒரு பிரதேசத்தின் ஜனத்தொகைக்கும் நோய்ச்சுமைக்கும் வேண்டிய மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் ஆகியோர் போதிய எண்ணிக்கையில் கிடைக்காத நிலையாகும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் நிரம்பாமை, பணியிடங்களே போதாமை, நிபுணர்கள் நகரங்களில் குவிதல் என இது மூவகைப்படும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5,65,223 பேர் வாழ்ந்த பெரம்பலூரும், 7,54,894 பேர் வாழ்ந்த அரியலூரும், பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதிகளாதலால், உயர்சிகிச்சைக்குத் திருச்சியையும் தஞ்சையையும் நெடுங்காலம் நாடிவந்தன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் அமைதல் தேசிய நியதி. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, தடுப்பூசியிட்டு, வீடுதோறும் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியரின் இடம் காலியாயின், அண்டைப் பகுதிச் செவிலியரே அதனைக் கூடுதல் பொறுப்பாக ஏற்க நேரும்.

மாநில அளவில் 2012 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆளெடுப்பை நடத்துகிறது. 150 மாணவர் இடங்கள் கொண்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, 12.1.2022 அன்று திறந்துவைக்கப்பெற்றது. ஒரு மருத்துவரை உருவாக்கப் பயிற்சிக்காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள் செல்லுமாதலின், ஓய்வு, மேற்படிப்பு, மகப்பேறு விடுப்பு ஆகியவற்றால் நேரும் காலியிடங்களை முன்கூட்டியே கணித்தல் திட்டமிடுதலின் பிரதான அங்கமாகும்.