போதை ஏறாத கல்லும் 14ஆம் சீட்டும்

போன வாரம் தோழி ஒருத்தி ஊதா நிறக் கல் ஒன்றைக் காட்டினாள். அமெதிஸ்ட். தமிழில் செவ்வந்திக்கல். தன்னுடைய டாரட் கட்டில் 14ஆம் எண்ணுள்ள 'நிதானம்' சீட்டின் மேல்தான் அதை எப்போதும் வைத்திருப்பாளாம். "ரெண்டுமே ஆயிரக்கணக்கான வருஷப் பழசுடா, கிரேக்கக் கதையே இருக்கு" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். தோண்டிவிட்டேன் :-)

முதலில் கல். அமெதிஸ்ட் என்ற பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'போதை ஏறாதது' என்று அர்த்தம். இது கையில் இருந்தால் எவ்வளவு குடித்தாலும் தலைக்கு ஏறாது என்று நம்பினார்கள். இதுவரைக்கும் நிஜமாகவே பழசுதான். ஆனால் அப்போதே நம்பாத ஆளும் இருந்தார். வெசுவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79இல் இறந்துபோன ரோம எழுத்தாளர் பிளினி, இது மந்திரவாதிகள் கட்டிவிட்ட பொய் என்கிறார். கல்லின் நிறம் ஒயினுக்குப் பக்கத்தில் வந்து, ஒயினாகாமல் ஊதாவில் நின்றுவிடுகிறது, பெயருக்குக் காரணம் அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. இந்தியாவிலிருந்து வரும் கல்தான் முதல் தரம் என்றும் எழுதியிருக்கிறார்!

தோழி சொன்ன கதை வேறு. மதுக்கடவுள் பாக்கஸ் ஒரு கன்னியைத் துரத்துகிறான். டயானா அவளைக் கல்லாக்கிக் காப்பாற்றுகிறாள். பாக்கஸ் மனம் வருந்தி ஒயினை ஊற்ற, வெள்ளைக் கல் ஊதாவாகிறது. அருமையான கதை. ஆனால் கிரேக்கர்கள் சொன்னதல்ல. 1576இல் ரெமி பெல்லோ என்ற பிரெஞ்சுக் கவிஞர், ரத்தினங்களைப் பற்றிய தன் கவிதை நூலுக்காகச் சொந்தமாகக் கட்டியது.

சீட்டுக் கதையும் இதே மாதிரிதான். டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். ஜோசியத்துக்கு இல்லை, விளையாட. நாம் 304இல் துருப்பு இறக்குவது போல, அதில் 'நிதானம்', 'மரணம்' என்று படம் போட்ட சீட்டுகள்தான் துருப்பு. சுமார் 300 வருடம் இப்படியே ஓடியது. 1781இல் பாரிஸில் கூர் த ஜெப்லான் என்பவர், இது எகிப்தியப் பூசாரிகளின் ரகசியப் புத்தகம் என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை! ஷம்போலியன் அதை உடைத்தது 1822இல். அதற்குள் எத்தெய்லா என்ற ஜோசியர், குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டு போட்டு விற்றுவிட்டார்.

சரி, இரண்டும் எங்கே சேர்கின்றன? நிதானம் சீட்டில் ஒரு பெண் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டிருப்பாள். ஒயினில் தண்ணீர் கலப்பதைக் காட்டும் பழைய ஐரோப்பிய உருவகம் அது. நம்ம ஊரிலும் குடிக்காதவனை 'நிதானத்தில் இருக்கான்' என்றுதானே சொல்கிறோம்? பொருத்தம் பிரமாதம், அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கல், கிரகம், சீட்டு என்று அட்டவணை போடும் வேலையில் பேர் வாங்கியவர்கள் 1888இல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' ரகசியச் சங்கத்தின் வழி வந்தவர்கள். அவர்களில் ஒருவரான அலெய்ஸ்டர் குரோலி 1909இல் வெளியிட்ட '777' அட்டவணையைப் பார்த்தால், அமெதிஸ்ட் நிற்பது நிதானத்துக்கு எதிரே இல்லை. வியாழனோடும் 'அதிர்ஷ்டச் சக்கரம்' சீட்டோடும்! (இன்றும் அதிகம் விற்கும் ரைடர் கட்டு வந்ததும் அதே 1909தான். அதன் படங்களை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித் 1951இல் கடனோடு இறந்தார். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.)

காமர்ஸ் படிப்பதாலோ என்னவோ, எனக்கு விலை மேல்தான் கண். ஒரு காலத்தில் அமெதிஸ்ட் மாணிக்கம், மரகதத்துக்குச் சமமாக நின்ற கல். 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் குவியல் குவியலாகக் கிடைத்ததும் விலை சரிந்தது. வேதியியல்படி அது இரும்பு கலந்த படிகம், அவ்வளவுதான். சூடாக்கினால் பெரும்பாலும் மஞ்சளாகிவிடும், அதையும் சிட்ரின் என்று விற்கிறார்கள். கல்லுக்கு மதிப்பு இறங்கிய பிறகு, 'பழமை'யைச் சேர்த்து விற்க வேண்டியதாயிற்று என்பது என் அனுமானம்.

எல்லாவற்றையும் தோழியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். இப்போது கல் 10ஆம் சீட்டின் மேல் இருக்கிறது. அதிர்ஷ்டச் சக்கரம்!